முதுகில் ஒரு படலை

மயிலிட்டிக் கடலில் வலை வளைத்தோர், தொட்ட கையை விறைக்கச் செய்யும் திருக்கை வகையொன்றை அறிவர். அதன் இனத்து மீனைக் கொண்டே, ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் உரோமாபுரி வைத்தியர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் தலைவலிக்கும் கால்வாதத்துக்கும் பரிகாரம் விதித்தார். அந்த மீன் வைத்தியத்தின் பேரப்பிள்ளை எனத்தக்க கருவியொன்று எமது அண்ணரின் முதுகினுள் இருக்கின்றது.

1990இல் ஊரவர் யாவரும் இடம்பெயர்ந்தபோது மயிலிட்டியை விட்டு நீங்கியவர் அவர். றொறன்ரோவில் பாரம் தூக்கி முதுகு பழுதுற்றது. சத்திர சிகிச்சை செய்தும் இடக்காலின் எரிவு தீரவில்லை. ஆகவே முண்ணாண் தூண்டியைப் பொருத்தினர். முண்ணாணைப் போர்த்த உறைக்கு வெளியே மெல்லிய கம்பிகளைச் செலுத்தி, இடுப்பருகே தோலின் கீழ் வைத்த மின்கலத்தோடு இணைப்பர். வலிக்கு முண்ணாணில் ஒரு வாயிற்கதவு உண்டென்றும், பிற உணர்ச்சிகள் அதனைச் சாத்தக்கூடும் என்றும் 1965இல் மெல்சாக், வோல் என்னும் அறிஞர் இருவர் கூறினர். யாழ்ப்பாணத்தார்க்குப் படலை என்றாற்றான் விளங்கும். 1967இல் அமெரிக்க வைத்தியர் நோர்மன் ஷீலி இத்தகைய கருவியை முதன்முதல் மனிதருக்குப் பொருத்தினார்.

ஓராண்டு அண்ணர் நிம்மதியாக உறங்கினார். பின்னர், காலில் உணர்ந்த சிலிர்ப்பு விலாவுக்கு மாறிற்று. கால் பழையபடி எரிந்தது. ஊடுகதிர்ப் படத்தில் கம்பி நழுவியிருக்கக் கண்டனர். “ஊர் பெயர்ந்தவனுக்குக் கம்பியும் பெயர்ந்துவிட்டது” என்று தொலைபேசியில் சிரித்தார். எமக்குச் சிரிப்பு வரவில்லை.

இக்கருவிக்கு இது புதுமையன்று. கம்பி நழுவுவதும் முறிவதும் உண்டு. முதலில் வெளியிலிருந்தே மின்னோட்டத்தை மாற்றிப் பார்த்தனர், பயனில்லை. எஞ்சியது மீள் சத்திர சிகிச்சை. பழைய தழும்பைத் திறந்து கம்பியை மாற்றவேண்டும். கிருமி தொற்றினாலோ கருவி முழுவதையும் அகற்றவும் நேரலாம்.

“வெட்டின இடத்தையே திரும்பவும் வெட்டுறதோ? எல்லாத்தையும் எடுத்தெறியச் சொல்லு” என்றார் அம்மா. எமது எண்ணம் வேறு. கருவி ஒருகாலும் உதவாதிருந்தால் அம்மா சொல்வதே சரி. கம்பி உரிய இடத்தில் இருந்த காலமெல்லாம் அண்ணர் உறங்கினாரே! அதனால் இசையும்படி சொன்னோம். அவரும் நெடுநாள் யோசித்தே இசைந்தார்.

சிகிச்சை நடந்தேறியது. சிலிர்ப்பு மீண்டும் காலுக்கு இறங்கியிருக்கின்றது. சில வாரங்களுக்குக் குனியலாகாது, உடலைத் திருப்பலாகாது, பாரம் தூக்கலாகாது என்பது வைத்தியர் கட்டளை. 2017இல் விடுவிக்கப்பட்ட துறைமுகத்தை அண்ணர் இன்னும் பார்க்கவில்லை. தை மாதம் வருவதாகச் சொல்கிறார். அம்மா நாட்காட்டியில் நாட்களைக் கோடிட்டு வருகிறார். மின்கலம் என்றேனும் ஓயும்போது அதனை மாற்ற இன்னொரு வெட்டு உண்டென்பதை அவரிடம் நாம் இன்னும் சொல்லவில்லை.