துதிக்கை லை

பெட்டி வந்திறங்கிய சனிக்கிழமை காலையில் நாங்கள் செய்த முதற்காரியம், உள்ளிருந்த குறிப்பேட்டை ஒருபுறமாக ஒதுக்கி வைத்ததுதான். படங்கள் தபால்தலை அளவு, எழுத்துகள் எறும்பளவு. அண்ணன், தம்பி இருவரின் வயதையும் கூட்டினால் நூறைத் தாண்டிவிடும். ஒருவர் வங்கியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். மற்றவர் பள்ளியில் தமிழ் கற்பிப்பவர். ஒரு நாற்காலியைக்கூட நாங்கள் திருகாணி போட்டுப் பூட்டியதில்லை. அப்படிப்பட்ட இருவர், கணினியின் கட்டளைப்படி மரம் செதுக்கும் சி.என்.சி. இயந்திரம் ஒன்றை உதிரிகளாக வாங்கியிருந்தோம் என்றால், அதற்குத் தக்க காரணம் இருக்கவேண்டும் அல்லவா? காரணம் ஒரேயொரு எழுத்து.

எங்கள் தந்தையார் கும்பகோணத்தில் சிறிய அச்சகம் ஒன்றை நடத்தினார். திருமண அழைப்பிதழ்களும் கோயில் திருவிழாச் சுவரொட்டிகளுமே பெரும்பாலான வேலை. 1998-இல் அது மூடப்பட்டது. டிரெடில் இயந்திரம் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. ஈய எழுத்துகள் எடைக்குப் போயின. விற்றுவிடச் சொன்னவர்கள் நாங்கள்தாம் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். ‘இனி எல்லாம் கணினிதான் அப்பா’ என்று இருவரும் மாறிமாறி அவருக்கு எடுத்துச் சொன்னோம். அவர் மறுத்துப் பேசவில்லை. சுவரொட்டிகளுக்கான மர எழுத்துகளை மட்டும் எவரும் விலைக்குக் கேட்கவில்லை. ஆகவே அவை இரண்டு தட்டுகளில் பரணில் தங்கின.

சென்ற ஆண்டு ஒரு கண்ணில் அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர், அத்தட்டுகளை இறக்கித் தரச் சொன்னார். அன்றிலிருந்து மாலைதோறும் தம் அச்சகத்தின் பெயரைக் கோத்துப் பார்ப்பார். பெயரின் நடுவே ஓர் எழுத்துக்கு இடைவெளி விட்டிருப்பார். அங்கே நிற்கவேண்டிய ‘லை’யைச் செல் அரித்துவிட்டது. இன்று நாம் எழுதும் லை அன்று அது. எழுத்தின் முன்னே ஐகாரக் கொம்பு தனித்து நிற்காமல், யானை துதிக்கையைத் தூக்கியதுபோல் லகரத்தின் தலைமேல் வளைந்து ஏறும் பழைய லை. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் துதிக்கையை இழந்தன. றா, ணா, னா முதலியவையும் உருமாறின. எங்கள் கணினியிலிருந்த எழுத்துருக்கள் எதிலும் அந்த வடிவம் இல்லை. எல்லாம் கணினிதான் என்று சொன்னவர்களுக்கு இது தேவைதான்.

நிற்க. இயந்திரத்துக்கு வருவோம்.

நாங்கள் வாங்கியது 3018 என்று அழைக்கப்படும் வகை. 300 மி.மீ. நீளமும் 180 மி.மீ. அகலமும் கொண்ட வேலைப்பரப்பே அப்பெயருக்குக் காரணம். அலுமினியச் சட்டங்கள், மூன்று ஸ்டெப்பர் மோட்டார்கள், நீண்ட திருகுத்தண்டுகள், வெட்டும் பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில், சுண்டுவிரல் நீளத்தில் ஒரு சில்லைத் தாங்கிய மின்சுற்றுப் பலகை. இயக்கும் மென்பொருள் ஜி.ஆர்.பி.எல். நார்வே நாட்டின் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009 வாக்கில் எழுதித் தொடங்கி, எவரும் பயன்படுத்தலாம் என்று பொதுவில் வைத்தது. மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி எடுத்து வைக்கும். ஒவ்வோர் அடியையும் பதினாறாகப் பகுத்தால் 3,200. திருகு ஒரு சுற்றில் 4 மி.மீ. நகர்த்துகிறது. எனில் ஒரு மில்லிமீட்டருக்கு 800 நுண்ணடிகள். வங்கிக்காரருக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

சட்டங்களைப் பூட்ட ஒரு நாள் போதும் என்று நினைத்திருந்தோம். மூன்று நாள் ஆயிற்று. எல்லாத் திருகாணிகளையும் வரிசையாக முறுக்கி இறுக்கி, மின்சாரம் கொடுத்தபோது, பலகை பாதி தூரம் நகர்ந்து நின்றுகொண்டு உறுமியது. மோட்டார் பழுது என்றே முடிவு கட்டினோம். எதிர்வீட்டுத் தச்சர் வந்து பார்த்துவிட்டு, மூலைமட்டத்தை வைத்துக் காட்டினார்: சட்டகம் சதுரமாக இல்லை; இரு மூலைவிட்டங்களுக்கும் இடையே 3 மி.மீ. வேறுபாடு. எல்லாவற்றையும் தளர்த்தி, மூலைவிட்டங்களைச் சமமாக்கி, பலகையை ஒரு முனைக்குத் தள்ளி அந்தப் பக்கத்தை இறுக்கி, மறுமுனைக்குத் தள்ளி இந்தப் பக்கத்தை இறுக்கவேண்டும். தண்டுகள் தமக்குரிய இடத்தைத் தாமே கண்டுகொள்ள விடுவது என்று சொல்லலாம். அதன்பின் அது உறுமவில்லை.

அடுத்தது மட்டம். அச்செழுத்தின் உயரம் 0.918 அங்குலம், ஏறத்தாழ 23.3 மி.மீ. ஓர் எழுத்து அரை மில்லிமீட்டர் தாழ்ந்தாலும் மை அதைத் தொடாது. தச்சர் கொடுத்த தேக்குத் துண்டை அவ்வளவுக்கு இழைத்து வெர்னியரில் அளந்தால், ஒரு மூலை 23.3, எதிர்மூலை 23.9. கட்டையில் பிழையில்லை, அதைத் தாங்கிய அடிப்பரப்பே சாய்ந்திருந்தது. ஆகவே மெல்லிய மரப்பலகை ஒன்றைப் பொருத்தி, அதன் முழுப்பரப்பையும் இயந்திரத்தைக் கொண்டே மெல்லச் சீவினோம். தன் ஆசனத்தைத் தானே மட்டப்படுத்திக்கொள்ளும் கருவி! பிட்டின் நுனியை எங்கே சுழியம் என்று கொள்வது? ஒரு தாளைக் கட்டையின்மேல் வைத்து அசைத்துக்கொண்டே பிட்டைப் பொடிப்பொடியாக இறக்கவேண்டும். தாள் இழுபடத் தொடங்கும் இடமே சுழியம். இதைச் சரிவரக் கற்பதற்குள் பிட் ஒன்று முறிந்தது.

அப்பா 1974-இல் அடித்த சுவரொட்டி ஒன்று எங்கள் அத்தையின் பெட்டியில் மடித்துக் கிடந்தது. அதிலிருந்த லையை வருடி எடுத்து, இங்க்ஸ்கேப்பில் ஓரங்களைச் செப்பனிட்டோம். அச்செழுத்து கண்ணாடிப் பிம்பமாக இருக்கவேண்டும் என்பது அச்சகக்காரர் பிள்ளைகளுக்குத் தெரியாதா? படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டே வெட்டக் கொடுத்தோம். ஒருமுறைக்கு 0.3 மி.மீ. ஆழம், மூன்றரை மணி நேரம். வீடெங்கும் தேக்கு மணம், தேக்குத் தூள். குளித்துவிட்டு, கட்டையைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தோம்.

விரலால் தடவினார். துதிக்கையின் வளைவில் விரல் சற்று நின்றது. பிறகு கட்டையைத் தலைகீழாகச் சுழற்றிப் பார்த்துச் சிரித்தார்.

“நல்லாத்தான் வெட்டியிருக்கு. ஆனா என்னால நேரா படிக்க முடியுதேடா?”

எங்களுக்கு உடனே விளங்கவில்லை.

“கட்டையில நேரா இருந்தா காகிதத்துல திரும்பித்தானே விழும்?”

அன்றிரவு உறங்காமல் தேடியதில் குற்றம் எங்களுடையதே என்று தெரிந்தது. முதல் நாள், ஒய் அச்சில் முன்னே செல்லுமாறு கட்டளையிட்டபோது பலகை எங்களை நோக்கி வந்தது. தலைகீழாக இணைத்துவிட்டோம் என்றெண்ணி, அச்சுகளின் திசையைக் குறிக்கும் அமைப்பை மாற்றி அதைத் ‘திருத்தி’யிருந்தோம். உண்மையில் அது சரியாகவே இருந்திருக்கிறது. இவ்வகை இயந்திரத்தில் ஒய் திசையில் நகர்வது பிட் அன்று, பலகை. பலகை நம்மை நோக்கி வந்தால்தான், கட்டையைப் பொறுத்தவரை பிட் அப்பால் செல்கிறது. ரயிலில் போகிறவருக்கு மரங்கள் பின்னோக்கி ஓடுவதைப்போல. நாங்கள் இடவலமாகத் திருப்பிய எழுத்தை இயந்திரம் மேல்கீழாக இன்னொரு முறை திருப்பிவிட்டது. இரண்டும் சேர்ந்து எழுத்து நேராகிவிட்டது, தலைகீழாக நின்றபடி. இருவரும் மூன்றரை மணி நேரம் அருகிலேயே அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம், ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரே கண்ணில் தெளிவாகப் பார்க்கும் எண்பதை நெருங்கியவருக்கு மூன்று நொடியில் தெரிந்தது.

மறுவாரம் மீண்டும் வெட்டினோம். அப்பா எழுத்துகளைக் கோத்து, இடைவெளியில் புதிய லையைச் செருகி, உருளையால் மை தடவி, தாளைப் போர்த்திக் கரண்டியின் முதுகால் தேய்த்தார். அச்சகத்தின் பெயர் வந்தது. லையின் இடப்பக்கம் மட்டும் வெளிறியிருந்தது. வெர்னியரைத் தேடி நாங்கள் எழுந்தோம். அதற்குள் அவர் சட்டைப்பையிலிருந்த பேருந்துச் சீட்டைக் கிழித்து, நாவில் தொட்டுக் கட்டையின் அடியில் ஒட்டி மறுபடி தேய்த்துவிட்டார். கறுப்பாக விழுந்தது.

தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடியே, தட்டிலிருந்து இன்னொரு கட்டையை எடுத்து எங்கள் பக்கம் நகர்த்தினார். பழைய ணை. பாதியைச் செல் தின்றிருந்தது.