புகையின் பங்கு

எங்கள் வேலூர் என்றால் கோட்டையும் சிறையும் உள்ள வேலூர் அல்ல. காவிரிக் கரையில் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் கரும்புமாக இருக்கும் பரமத்தி வேலூர். இங்கே நிலத்துக்குப் பட்டா உண்டு. ஜேடர்பாளையத்தில் பிரிந்து வரும் ராஜவாய்க்கால் தண்ணீருக்கு மடை உண்டு, முறை உண்டு, முறை தவறினால் மண்வெட்டிச் சண்டையும் உண்டு. காற்று ஒன்றுதான் பொதுச் சொத்து என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை.

சந்தேகம் உள்ளவர்கள் ஒரு வெல்ல ஆலைக் கொட்டகைக்கு வந்து பார்க்கலாம். கரும்பைப் பிழிந்த சக்கையை வெயிலில் உலர்த்தி, அதையே அடுப்பில் போட்டு எரிக்கிறார்கள். கொப்பரையில் சாறு கொதித்துப் பாகாகும்வரை அடுப்பு அணையக் கூடாது. சக்கை நன்றாகக் காய்ந்திருந்தால் புகை குறைவு. மழை ஈரம் பட்டிருந்தால் கேட்க வேண்டாம். நான் போன கொட்டகைக்குக் கிழக்கே, பத்தடி தள்ளிக் கூலிக்காரர்களின் தகரக் குடிசைகள். ஆலைக்காரரின் மாடி வீடு அரை மைலுக்கு அப்பால், தென்னந்தோப்புக்குள்.

சக்கை போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம், "கண்ணு கரிக்கலையா, அம்மிணி?" என்று கேட்டேன்.

"கரிக்காம இருக்குமுங்களா? நான் அடுப்புக்கிட்ட நிக்கறது கூலிக்குங்க. ஆடி மாசம் மேகாத்து அடிக்கறப்போ பொகை பூராவும் குடிசைக்குள்ள போயிருதுங்க. தொட்டில்ல கெடக்கறதுக்கு யாருங்க கூலி குடுக்கறாங்க?"

ஆலைக்காரரை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. பிலிக்கல்பாளையம் ஏலத்தில் வெல்ல விலை விழுந்தால் அவரும் தலையில் துண்டைப் போட்டுக்கொள்கிறவர்தான். ஆனால் ஒரே அடுப்பில் பிறந்த இரண்டில், வெல்லம் மூட்டையேறி ஊரெல்லாம் போகிறது. புகை தொட்டிலோடு நின்றுவிடுகிறது.

இது நம் நாட்டு வழக்கம் மட்டுமல்ல. இங்கிலாந்தில் பெரும்பாலும் மேற்கிலிருந்தே காற்று வீசும். நிலக்கரிப் புகை கிழக்கே போயிற்று. வசதியுள்ளவர்கள் மேற்கே போனார்கள். லண்டனின் கிழக்குப் பகுதி ஏழைகளின் பகுதியானதற்குத் துறைமுகம் முதலிய வேறு காரணங்களும் உண்டு. காற்றுக்கும் ஒரு பங்கு உண்டு. 1952 டிசம்பரில் குளிர்ந்த காற்று கீழே படிந்து, அதன்மேல் வெப்பக் காற்று மூடிபோல் நின்று, ஐந்து நாள் புகை மேலே எழ வழியில்லாமல் போயிற்று. 4,000 பேர் இறந்ததாக முதலில் கணக்கிட்டார்கள். பிற்காலக் கணக்கு 12,000 வரை போகிறது. 1956-இல் சட்டம் வந்தது. (நம் முன்னோர் சேரியை ஊருக்கு வெளியே தள்ளியபோது காற்றடிக்கும் திக்கையும் பார்த்திருப்பார்களோ என்று நினைத்துக்கொள்வேன்.)

நம் சென்னைக்கு எண்ணூர். வெள்ளைக்காரர் காலத்தில் துரைமார்கள் காற்று வாங்கப் போன இடம் அது! 1970-இல் அனல் மின்நிலையம் வந்தது. அதை 2017-இல் மூடினார்கள். அதற்குள் பக்கத்திலேயே வடசென்னை நிலையமும் வல்லூர் நிலையமும் எழுந்துவிட்டன. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும். கம்பி வழியே மின்சாரம் போய்விடுகிறது. சாம்பல் மீனவர் குப்பங்களில் தங்குகிறது. 2023 டிசம்பர் 26 இரவு, உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் போகும் குழாயில் அமோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் நள்ளிரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

தலைமயிரின் கனத்தில் சுமார் முப்பதில் ஒரு பங்கே உள்ள நுண்தூசி, ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது. 2009-இல் நம் நாடு வகுத்த வரம்பு 40. வரம்பு எதுவானாலும், நகரத்துக்கென்று ஒரே எண்ணைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. சராசரி மூக்கு என்று ஒன்று யார் முகத்திலும் இல்லையே!

பெசன்ட் நகரில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். எண்ணூருக்கும் அவர் வீட்டுக்கும் ஏறத்தாழ 25 கிலோமீட்டர்; ஒரே கடற்கரை. போன தடவை போயிருந்தபோது படுக்கையறையில் புதிதாக வாங்கிய காற்றுச் சுத்திகரிப்பு இயந்திரத்தைக் காட்டினார். இரவு முழுவதும் சத்தமில்லாமல் ஓடுமாம். "மின்சாரம் அதிகம் பிடிக்குமோ?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் கொஞ்சம்தான் சார்" என்றார்.

அந்தக் கொஞ்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாமென்று வாயெடுத்தேன். அதற்குள் காபி வந்துவிட்டது.