காற்று எந்தப் பக்கம்?

ராமேஸ்வரம் பக்கம் கூட்டமில்லாத ஒரு மணற்கரை. பெரிய பட்டத்தை இடுப்பு வாரில் மாட்டி, பலகையில் நின்று கடலில் சறுக்கும் ‘கைட் சர்ஃபிங்’ கற்க வந்திருந்தாள் என் பெண். எனக்கோ வயிற்றைக் கலக்கியது.

“கரைக்குப் பக்கவாட்டில் வீசும் காற்றுதான் நல்லதும்மா. மணிக்கு 25, 30 கிலோமீட்டர் வேகம் போதும். கரையிலிருந்து கடலுக்கு வீசினா இறங்கவே கூடாது, ஆளை உள்ளே இழுத்துட்டுப் போயிடும்” என்றார் பயிற்சியாளர்.

மூன்றாம் நாள் கரையோரம் அலையே இல்லை. “கண்ணாடி மாதிரி இருக்கும்மா!” என்று குதித்தாள். என் முந்தானையோ கடல் பக்கமாகப் பறந்தது. “இன்னிக்கு வேண்டாம்டி” என்றேன். “அம்மா சொல்றதுதான் சரி” என்றார் அவரும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், வைத்துக்கொள்ளட்டும்!

முதுகுக் காற்றில் கரையோரத் தண்ணீர் அடங்கித்தான் கிடக்கும். அதை நம்பாதீர்கள், சகோதரிகளே. முந்தானையைப் பாருங்கள்.