வாசனை போனது, விஷம் போகவில்லை

ஒரகடத்தை அடுத்த ஒரு கிராமம். சிப்காட் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ஏரிக்கரை. அதற்குக் கீழே ஒன்றரை ஏக்கர் நெல் வயல். வயலின் சொந்தக்காரருக்கு வயது 58. பகலில் விவசாயம், இரவில் ஒரு கிடங்கில் காவல் வேலை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை வந்தது. இன்று இந்தப் பக்கத்தில் ஷிப்ட் வேலைக்கு ஒருவராவது போகாத வீடு குறைவு.

இரவில் கண் சொக்காமல் இருக்க, கூட வேலை பார்த்தவர் கொடுத்ததுதான் முதல் வாசனைப் புகையிலை பாக்கெட். ஒன்று இரண்டாகி, ஒரு வருடத்தில் நாளைக்கு ஐந்தாறு பாக்கெட் என்று ஆனது. 2013 முதல் தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலாவுக்குத் தடை இருக்கிறது. ஆனாலும் கேட்கிறவர்களுக்கு மறைவாகக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

இதற்கிடையே அவர் இயற்கை விவசாயத்துக்கு மாறினார். யூரியாவையும் பூச்சிக்கொல்லியையும் நிறுத்தி, ஜீவாமிர்தம், மீன் அமிலம் என்று சொந்தக் கையால் தயாரித்தார். அந்த உற்சாகத்தில் இன்னொரு முடிவும் எடுத்தார். ‘வயலுக்கே கெமிக்கல் வேண்டாம்னு ஆச்சு, வாய்க்கு மட்டும் எதுக்கு?’ என்று வாசனை பாக்கெட்டை விட்டுவிட்டு வெறும் புகையிலை இலைக்கு மாறினார். சென்ட் இல்லை, சாயம் இல்லை, சுத்தமான இலை. நல்லதுக்குத்தான் மாறியிருக்கிறோம் என்று மனதார நம்பினார்.

இந்த நம்பிக்கை இவருக்கு மட்டும் உரியதல்ல. வெளிநாடுகளில் பைப் பிடிப்பவர்களிடமும் இது உண்டு. வெனிலா, செர்ரி வாசனை ஏற்றிய தூளில் தொடங்கி, பிறகு ‘இயற்கையான இலைக் கலவை’க்கு மாறியதைப் பெருமையாகச் சொல்வார்கள்.

சம்பாப் பயிரில் இலைச்சுருட்டுப் புழு தென்பட்டது. அவர் அக்னி அஸ்திரம் தயாரிக்க உட்கார்ந்தார். கோமியத்தில் வேப்பிலை, பச்சை மிளகாய், பூண்டு, புகையிலை எல்லாம் போட்டு அடுப்பில் ஏற்றினார். ஷிப்ட் முடிந்து வந்த மருமகள், மூக்கைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

“மாமா, புழு சாவறதுக்குத்தானே இதைக் கொதிக்க வைக்கிறீங்க? இதே இலையைத்தானே தினமும் வாயில அடக்கிக்கிறீங்க?”

அவரிடம் பதில் இல்லை.

மருமகள் கேட்டதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. நெல்லிலும் கத்திரியிலும் விஷம் என்பது நாம் வெளியிலிருந்து தெளிப்பது. தெளிக்காவிட்டால் அந்த விஷம் இல்லை. புகையிலையில் கணக்கு வேறு. அதன் விஷமான நிக்கோட்டினைச் செடியே தயாரிக்கிறது. பூச்சி தின்னாமல் இருக்க வேரில் உருவாக்கி இலைக்கு அனுப்புகிறது. திண்டுக்கல், வேடசந்தூர் பக்கம் புகையிலை பயிரிடுகிறவர்கள் செடியின் நுனியைக் கிள்ளிவிடுவார்கள். அப்போது இலை தடிக்கும், நிக்கோட்டினும் கூடும். ஈரமான பச்சை இலையை ஒடிப்பவர்களுக்குத் தோல் வழியாகவே நிக்கோட்டின் ஏறி வாந்தி, தலைச்சுற்றல் வருவது உண்டு. ஒரு பூச்சிமருந்தும் தெளிக்காமல், சாணம் மட்டும் போட்டு வளர்த்தாலும் இதில் மாற்றம் இல்லை.

நிக்கோட்டின் ஆளைப் பிடித்துவைக்கிறது. புற்றுநோயைக் கொண்டுவருவது பெரும்பாலும் நைட்ரோசமைன் என்ற பொருள்கள். இலையைக் காயவைத்து, குவித்துப் புழுங்கவைத்துப் பதப்படுத்தும்போது அவை இலையிலேயே உருவாகின்றன. வாசனையும் இனிப்பும் அந்தக் காரத்தை மறைக்கும் போர்வை. போர்வையை எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது மாறிவிடாது. மெல்லும் புகையிலை புற்றுநோய் தரும் என்பதை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்து, முதல் வகையில் வைத்திருக்கிறது. புகையிலை சேராத வெறும் கொட்டைப் பாக்கும் அதே வகையில்தான் இருக்கிறது.

அன்று இரவு காவல் அறைக் கண்ணாடியில் அவர் வாயைத் திறந்து பார்த்தார். இலையை அடக்கும் இடது கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைத் திட்டு. காரம் பட்டால் அங்கே எரிந்ததைப் பல மாதங்களாக வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கிறார். மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மகன் அழைத்துப் போனார். அங்கிருந்து காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். சிறு துளி சதை எடுத்துப் பரிசோதித்தார்கள்.

முடிவு வரும் வரை அவர் வயல் பக்கம் போகவில்லை. “நாத்து விட்டவன் அறுப்பைப் பார்ப்பேனா?” என்று மனைவியிடம் ஒருமுறை கேட்டார். அவர் மனைவி பதில் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார்.

புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தது. ஆனால், டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “இந்தத் திட்டு நாளைக்குப் புற்றாக மாறலாம். இப்போதே முழுசாக நிறுத்தினால் மறையவும் வாய்ப்பு இருக்கிறது. குறைத்துக்கொள்கிறேன் என்ற பேச்சு வேண்டாம்.”

முதல் மூன்று நாள்கள் தலைவலி, எரிச்சல், யாரைப் பார்த்தாலும் கோபம். இரவுக் காவலுக்கு மருமகள் வறுத்த கடலையும் சோம்பும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். கை இடுப்பு மடிப்பைத் தேடும்போதெல்லாம் எழுந்து கிடங்கை ஒரு சுற்று நடந்தார். மூன்று வாரம் கழிந்ததும் தவிப்பு தணிந்தது. இப்போது திட்டைக் காட்ட, சொன்ன தேதிக்குத் தவறாமல் மருத்துவமனைக்குப் போய்வருகிறார்.

புகையிலையை விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற கட்டணமில்லா தேசிய எண்ணில் ஆலோசனை கேட்கலாம். வாய்க்குள் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், வாயைத் திறப்பதில் சிரமம் ஆகியவற்றில் எது இருந்தாலும் வலிக்காக காத்திருக்க வேண்டாம். ஆரம்பத்தில் வலியே இருக்காது.

அந்த வீட்டில் இப்போது அக்னி அஸ்திரத்துக்குப் பதில் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய்க் கரைசல்தான் தயாராகிறது. “இலை வீட்டுக்குள்ள வந்தா கை சும்மா இருக்காது” என்கிறார் அவர்.