பாதிப் பெயர்

வானொலிக்கு வந்த புதிதில் ஞாயிறு காலைக்கென்று ஒரு நிகழ்ச்சியை யோசித்து எழுதிக் கொடுத்தேன். ஒலியேறியபோது தயாரிப்பு என்று இரண்டு பெயர்கள் வந்தன. முதல் பெயர் மேலே இருந்தவருடையது. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. "வேலை இருக்குல்ல, விடும்மா" என்றார் அம்மா. விட முடியவில்லை.

துப்பாக்கியில் எனக்கு மோகமில்லை. ஆனால் ஜான் ஹால் என்ற அமெரிக்கரைப் பற்றிப் படித்தபோது அந்த இரவு திரும்பி வந்தது.

அக்காலத் துப்பாக்கியில் மருந்தையும் குண்டையும் குழலின் வாய் வழியே போட்டு, கம்பியால் இடித்து இறக்க வேண்டும். குதிரைமேல் ஆகிற காரியமா? மரவேலை செய்து பிழைத்த ஹால், குழலின் பின்பக்கத்தில் மேலே தூக்கித் திறக்கும் இரும்பு அறை ஒன்றை வைத்தார். மருந்தையும் குண்டையும் அதில் இட்டு மூடினால் போதும்.

1811ல் காப்புரிமை கேட்டார். அந்த அலுவலகத்தின் தலைவர் வில்லியம் தார்ன்டன், வாஷிங்டன் கேப்பிட்டல் கட்டடத்துக்கு வரைபடம் தந்த பெரிய மனிதர். இந்த யோசனை தமக்கு முன்பே தோன்றியதாகச் சொல்லிவிட்டார். வேறு வழியின்றி ஹால் இசைந்தார். பத்திரத்தில் இரண்டு பெயர்கள்.

ஹால் அத்தோடு உட்கார்ந்துவிடவில்லை. 1819ல் 1,000 துப்பாக்கிகளுக்கு அரசு ஒப்பந்தம் கிடைத்தது. ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதச்சாலையில், ஒன்றின் உறுப்பு மற்றொன்றிலும் பொருந்தும்படி செய்ய இயந்திரங்களை உருவாக்கினார். 1833ல் அதே அமைப்பில் குதிரைப்படைக்கான குட்டைத் துப்பாக்கி, அதாவது கார்பைன், வந்தது. கனெக்டிகட்டில் அதைச் செய்தவர் சிமியன் நார்த். ஆனாலும் பெயர் ஹால் கார்பைன்தான்.

குறையும் இருந்தது. அறையும் குழலும் சேரும் இடுக்கில் வெடிப்புகை கசிந்தது. பின்னாளில் பர்ன்சைடு கார்பைனின் பித்தளைத் தோட்டா அந்த இடுக்கை அடைத்தது. ஹாலிடம் வேலை பார்த்த கிறிஸ்டியன் ஷார்ப்ஸ், 1848ல் தம் சொந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்.

இப்போது புதியவர்கள் என்னிடம் தாளோடு வருகிறார்கள். நல்ல யோசனையைப் பார்த்தால், 'இது எனக்கும் தோன்றியதுதான்' என்று நாக்கு நுனிவரை வருகிறது. சில நேரம் உண்மையாகவே தோன்றியிருக்கும். தார்ன்டனுக்கும் அப்படித்தான் இருந்திருக்குமோ?

போன மாதம் ஒரு தம்பியின் நிகழ்ச்சி ஒலியேறியது. தயாரிப்பு என்று ஒரே பெயரைத்தான் வாசித்தேன். வாசிக்கும்போது கொஞ்சம் வலித்தது.