விலைக்கு வந்த விசித்திரக் கிதார்

நாசரேத் என்றதும் சிலருக்குத் தூத்துக்குடி மாவட்டத்து ஊர் ஞாபகம் வரும். சிலருக்கு வேத புஸ்தகத்து ஊர் ஞாபகம் வரும். நான் உங்களை அழைத்துப் போவது மூன்றாவது நாசரேத்துக்கு. அது அமெரிக்காவில், பென்ஸில்வேனியா மாகாணத்தில் இருக்கிறது. நியூயார்க்கிலிருந்து மேற்கே காரில் புறப்பட்டால் ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பிரயாணம். வழியில் பச்சைக் குன்றுகள், சோள வயல்கள், திடீரென்று வானத்தை முட்டிக்கொண்டு ஒரு சிமெண்டு ஆலை. பக்கத்து ஊரின் பெயர் பெத்லஹேம்! 1740-ஆம் வருஷத்தை ஒட்டி மொரேவியன் சபையைச் சேர்ந்த ஜெர்மன் மொழிக்காரர்கள் இந்தப் பக்கம் வந்து குடியேறினார்கள். அவர்கள் கட்டிய பெரிய கல் வீடு ஒன்று இன்னும் ஊருக்குள் கம்பீரமாக நிற்கிறது.

ஆனால் நாங்கள் போனது கல் வீட்டைப் பார்க்க அல்ல. ஒரு கிதாரை வாங்கலாமா, வேண்டாமா என்று தெரிந்து கொள்ளப் போனோம்.

நாங்கள் என்றால் நானும் என் தம்பி மகளும். அவள் நியூஜெர்ஸியில் உத்தியோகம் பார்க்கிறாள். சிறு வயதில் வீணை கற்றுக் கொண்டவள். போன இடத்தில் கிதாரின் மேல் மோகம் பிறந்துவிட்டது. ஒரு நல்ல கிதாருக்காக இரண்டு வருஷமாக மாதம் தவறாமல் பணம் ஒதுக்கி வந்திருந்தாள். சென்ற வருஷம் நான் அங்கே தங்கியிருந்தபோது ஒருநாள் இரவு, சாப்பாட்டைக்கூட மறந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, இங்கே வந்து பாருங்களேன்! இந்த மாதிரி உலகத்திலேயே ஒன்றுதான் இருக்காம்!"

பார்த்தேன். இன்டர்நெட்டில் யாரோ விற்பனைக்குப் போட்டிருந்த கிதார். வழக்கமாக வயிற்றின் நடுவில் இருக்கும் வட்டத் துவாரம் அதற்கு இல்லை. அதற்குப் பதிலாக மேல் தோளில், மாங்காய் வடிவத்தில் ஒரு துவாரம். உடம்பு ஒரு பக்கம் பருத்து, மறு பக்கம் ஒடுங்கியிருந்தது. கைத்தொழிலாளி ஒருவர் புது மாதிரி ஒன்றைப் பரீட்சை செய்து பார்ப்பதற்காகச் செய்த முதல் கிதாராம். இரண்டாவதை அவர் செய்யவே இல்லையாம். விலை, அவள் சேர்த்த பணம் அத்தனையும். அதற்கு மேலும் கொஞ்சம்!

'உலகத்திலேயே ஒன்றுதான்' என்ற வார்த்தைக்கு ஒரு மயக்கம் உண்டு. புடவைக் கடையில் "இந்த டிசைனில் இது ஒன்றுதான் அம்மா" என்று சொன்னதும் நம் கை தானாகப் பர்ஸைத் திறப்பதில்லையா? ஆனால் ஒரே பிள்ளை என்பதற்காக ஒருவனை நல்ல மாப்பிள்ளை என்று யாராவது முடிவு கட்டுவார்களா? இரண்டாவது ஏன் செய்யவில்லை என்பதல்லவா முதல் கேள்வி!

அந்தக் கேள்விக்கு விடை தேட நாசரேத்தைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. மார்ட்டின் கிதார்கள் இங்கேதான் பிறக்கின்றன. ஸ்தாபகர் கிறிஸ்டியன் ஃபிரெடரிக் மார்ட்டின் 1796-இல் ஜெர்மனியின் மார்க்நியூகிர்ஷென் என்ற ஊரில், மரவேலைக் குடும்பத்தில் பிறந்தவர். வியன்னாவில் ஸ்டாஃபர் என்ற பிரபல கிதார்க்காரரிடம் தொழில் கற்றுக் கொண்டு ஊர் திரும்பினால், அங்கே ஒரே சண்டை! "கிதார் செய்ய உரிமை எங்களுக்குத்தான்; மேஜை நாற்காலி செய்கிற தச்சர்களுக்கு அதில் என்ன வேலை?" என்று வயலின் செய்பவர்களின் சங்கம் வழக்காடிக் கொண்டிருந்தது. மனுஷர் பார்த்தார். 1833-இல் கப்பலேறி நியூயார்க்குக்கு வந்து கடை போட்டார். அங்கேயும் மனம் ஒட்டவில்லை. 1839-இல் நாசரேத்துக்கு வந்து சேர்ந்தார். அன்று தொடங்கிய தொழிலை அவருடைய வம்சத்தார் தலைமுறை தலைமுறையாக நடத்தி வந்திருக்கிறார்கள்.

ஸைகமோர் தெருவில், 1964-இல் கட்டிய தொழிற்சாலையோடு சேர்ந்தாற்போல் ஒரு கண்காட்சிசாலை இருக்கிறது. அங்கே ஆரம்ப காலக் கிதார்களைப் பார்த்ததும் என் தம்பி மகள் என் கையைப் பிடித்துக் கொண்டாள். அவற்றில் ஆறு பிருடைகளும் ஒரே பக்கத்தில் வரிசையாக இருந்தன. தண்டியின் சாய்வைக் கூட்டவும் குறைக்கவும், கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போலச் சாவி போட்டுத் திருப்பும் ஏற்பாடும் அந்தக் காலத்தில் உண்டு. வியன்னாவில் கற்ற வித்தை அது. எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! ஆனாலும் மார்ட்டின் கம்பெனியில் போகப் போக இரண்டையும் விட்டுவிட்டார்கள். கெட்டிக்காரத்தனம் எல்லாம் நிலைத்துவிடுவதில்லை.

நிலைத்தவையும் உண்டு. 1929-இல் பெர்ரி பெக்டெல் என்ற பாஞ்சோ வித்வான், தண்டி நீளமாக இருக்கும்படி ஒரு கிதார் கேட்டார். அதுவரை பெரும்பாலும் பன்னிரண்டு மெட்டுகளோடு உடம்பு ஆரம்பித்துவிடும். அவருக்காகப் பதினான்கு மெட்டுகள் உடம்புக்கு வெளியே தெரியும்படி மாற்றிச் செய்தார்கள். ஒருவருக்காகச் செய்த அந்த மாறுதல்தான் இன்று உலகத்துக் கிதார்களில் பெரும்பாலானவற்றின் அமைப்பு. 'டிரெட்நாட்' என்ற தொந்தி பெருத்த கிதாரின் கதை இன்னும் வேடிக்கை. ஆங்கிலேயரின் போர்க் கப்பல் பெயரை அதற்கு வைத்து, 1916-இல் டிட்சன் கம்பெனி என்ற வியாபாரிகளுக்காகச் செய்து கொடுத்தார்கள். தங்கள் சொந்தப் பெயரில் அதை விற்கத் துணிந்தது 1931-இல்தான். பதினைந்து வருஷம்!

தோல்வியும் உண்டு. 1907-இல் இவர்கள் யூகலேலி என்ற குட்டி வாத்தியத்தைச் செய்து பார்த்தார்கள். கிதாருக்குப் போடுவது போலவே ஸ்ப்ரூஸ் மரப் பலகை போட்டு, உள்ளே நிறையப் பத்தைகளையும் ஒட்டினார்கள். சத்தம் அமுங்கிப் போயிற்று, யாரும் வாங்கவில்லை. பிறகு மஹோகனி மரத்தில் இலேசாகச் செய்தபோது, விற்ற வேகத்தில் கம்பெனியே செழித்தது.

வேறு ஊர்க் கதைகளையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். ஹெலிகாப்டர் கட்டிக் கொண்டிருந்த சார்லஸ் கேமன் என்பவர், 1966-இல் முதுகுப் பக்கம் சட்டி போல உருண்ட கண்ணாடி நார்க் கிதாரைக் கொண்டு வந்தார். பெயர் ஓவேஷன். எல்லாரும் சிரித்தார்கள், பிறகு மேடைக்கு மேடை அதையே வாசித்தார்கள். மைக்கேல் காஷா என்ற ரசாயனப் பேராசிரியர் விஞ்ஞான ரீதியாகக் கணக்குப் போட்டு அமைத்த கிதாரை, கிப்ஸன் கம்பெனி 1975-இல் வெளியிட்டது. கணக்கென்னவோ பெரிய கணக்குத்தான். நாலைந்து வருஷத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். ஆகவே விசித்திரமாக இருக்கிறது என்பது ஒரு கிதாருக்குச் சாதகமான சாட்சியும் அல்ல, விரோதமான சாட்சியும் அல்ல.

அப்படியானால் எதைப் பார்ப்பது? அதற்குத் தொழிற்சாலைக்குள் வாருங்கள்.

முதலில் உங்களுக்குச் சிரிப்பு வரும். கிதாரின் விளிம்போடு உள்பக்கம் ஒட்டும் மெல்லிய பட்டி காய்கிற வரையில் அதை எதைக் கொண்டு பிடித்து வைத்திருக்கிறார்கள் தெரியுமா? துணி உலர்த்துகிற கிளிப்! வட்டமாக, நெருக்கமாக, மொட்டை மாடிக் கொடியில் இருப்பதைவிட அதிகமாகக் கிளிப்புகள்.

அதைத் தாண்டி, மூடாத கிதார் ஒன்றின் மேல் பலகையைத் திருப்பிப் பார்த்தோம். பலகையின் கனம் மூன்று மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். அப்பளக் கட்டை ஒன்று தவறி விழுந்தால் விரிந்துவிடும். அதன் மேலே ஆறு எஃகுத் தந்திகள் இழுக்கிற இழுப்போ சுமார் 70 கிலோ. ஒரு பெரிய ஆள் இரவும் பகலும் தொங்கிக் கொண்டிருப்பதற்குச் சமானம்! பலகை பிய்த்துக் கொண்டு வராமல் காப்பவை உள்ளே பெருக்கல் குறி போலக் குறுக்கே ஒட்டிய இரண்டு மெல்லிய விட்டங்கள். 1840-களில் மார்ட்டின் கையாளத் தொடங்கிய முறை இது. விட்டம் கனத்தால் கிதார் ஊமையாகிவிடும். மெலிந்தால் வயிறு உப்பி, குதிரை பெயர்ந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள மயிரிழையில்தான் நாதம் இருக்கிறது.

நம் விளம்பரக் கிதாரின் ரகசியமும் இங்கேதான். துவாரத்தைத் தோளுக்கு நகர்த்தினால் விட்டங்களையும் மாற்றி அமைத்தாக வேண்டும். எப்படி மாற்றினார்? எத்தனை வருஷம் தாங்கியிருக்கிறது? விளம்பரத்தில் இருபது போட்டோக்கள் இருந்தன. உள்பக்கத்துப் போட்டோ ஒன்றுகூட இல்லை.

"சத்தம் எப்படி இருக்கும் என்று போட்டோவில் தெரியாதே, அத்தை" என்றாள்.

"வயிறு உப்பியிருக்கிறதா என்பதாவது தெரிய வேண்டாமா?" என்றேன்.

அன்றிரவே விற்பவருக்குக் கடிதம் எழுதினாள். சின்ன விளக்கையும் கண்ணாடியையும் துவாரத்துக்குள் விட்டு விட்டங்களைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். மெட்டுகளின் மேல் நேரான அளவுகோலை வைத்தால் அதன் நுனி குதிரையின் தலையைத் தொடுகிறதா, அதற்குக் கீழே இறங்குகிறதா என்று காட்ட வேண்டும். (இறங்கினால் தண்டியைக் கழற்றித் திரும்பப் பூட்ட வேண்டியிருக்கும், அமெரிக்காவில் அதற்குப் பல நூறு டாலர். அதுவும் ஒருவர் மட்டும் அறிந்த முறையில் பூட்டிய தண்டியை எந்த ரிப்பேர்க்காரர் தைரியமாகத் தொடுவார்?) செய்தவரின் கைப்பட எழுதிய குறிப்போ, ரசீதோ உண்டா என்று சொல்ல வேண்டும். மார்ட்டின் கிதார் என்றால் 1898 முதல் வரிசையாக நம்பர் போட்டு வந்திருக்கிறார்கள். நம்பரைக் கொண்டு வயதைக் கண்டுபிடித்துவிடலாம். தனிப் பிறவிக்கு ஜாதகம் அதன் காகிதங்கள்தான். கடைசியாக, வாசித்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்ப மூன்று நாள் தவணை வேண்டும்.

விலையைப் பற்றியும் எங்களுக்குள் விவாதம் நடந்தது. அபூர்வம் என்றால் விலை ஏறத்தானே செய்யும் என்றாள் அவள். கண்காட்சியில் டி-45 என்ற கிதாரைப் பற்றிப் படித்ததை ஞாபகப்படுத்தினேன். 1933 முதல் 1942 வரை அந்த வகையில் 91 மட்டுமே செய்தார்கள். இன்று அவற்றின் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். ஆனால் அந்தத் தொண்ணூற்றொன்றும் எப்படிப் பேசும் என்று வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். தெரிந்த நல்லது அரிதாக இருந்தால்தான் ஜனங்கள் போட்டி போடுவார்கள். யாருமே கேட்டறியாத வாத்தியத்தை நாளைக்கு நீ விற்கப் போனால், உன்னைப் போல இன்னொரு பைத்தியம் அகப்படுகிற வரையில் காத்திருக்க வேண்டியதுதான் என்றேன். கோபித்துக் கொண்டாள். ஆனாலும் கணக்குப் போட்டாள். அதே தரத்து மரத்தில், நல்ல கைத்தொழிலாளி செய்த சாதாரணக் கிதார் என்ன விலையோ அதைத்தான் தருவது; 'ஒன்றே ஒன்று' என்பதற்குத் தனியாக ஒரு டாலரும் கிடையாது!

படங்கள் வந்தன. விட்டங்கள் விசிறி போல விரிந்து, சுத்தமாக ஒட்டப்பட்டிருந்தன. குதிரைக்குப் பின்னால் பலகை இலேசாக மேடிட்டிருந்தது. அபாயம் இல்லை, ஆனால் கவனிக்க வேண்டியது. விற்பவர் முதலில் விலையைக் குறைக்க மறுத்தார். ஒன்பது நாள் கழித்து அவரே எழுதினார். கிதார் வந்தது. மேல் ஸ்வரங்கள் மணி போல் ஒலித்தன. கீழ் ஸ்தாயி கொஞ்சம் சோகை. அவள் விரலால் மீட்டி மெதுவாக வாசிப்பவள், அடித்து வாசிப்பவள் அல்ல. அதனால் வைத்துக் கொண்டுவிட்டாள். அந்தக் கோணல் உடம்புக்குப் பொருந்துகிற பெட்டி எந்தக் கடையிலும் கிடைக்காமல், என்னுடைய பழைய பட்டுப் புடவையைச் சுற்றி ஒரு பெரிய பெட்டியில் வைத்திருக்கிறாள்.

வெளிநாட்டிலிருந்து இப்படி ஒன்றை நம் ஊருக்குத் தருவிக்க நினைக்கிறவர்கள் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். முதுகு 'ரோஸ்வுட்' என்றால், எந்த ரோஸ்வுட்? பிரேஸில் தேசத்து மரமாக இருந்தால் 1992 முதல் சர்வதேச ஒப்பந்தப்படி அதன் வியாபாரத்துக்குத் தடை. தக்க அத்தாட்சி இல்லாமல் எல்லை தாண்டினால் வாத்தியம் சுங்கத்திலேயே நின்றுவிடும். 2017-இல் மற்ற ரோஸ்வுட் வகைகளுக்கும் காகிதம் கேட்டார்கள். 2019-இல் செய்து முடித்த வாத்தியங்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். பிரேஸில் மரத்துக்கு அந்த விலக்கு இல்லை. அந்த மரம் கிடைப்பது அருகிப் போனதால்தான் மார்ட்டின் தொழிற்சாலையார் 1969-இல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறினார்கள். நாசரேத்தில் கருஞ்சிவப்பாக வரியோடிய பலகைகளைக் காட்டி, "இது என்ன மரம், தெரிகிறதா?" என்று என் தம்பி மகள் கேட்டாள். கேட்பானேன்? நம் மேற்கு மலைத் தொடரில் வளர்கிற ஈட்டி மரம்! எங்கள் பாட்டி வீட்டுக் கட்டிலும் அதே மரம்தான்.