கோட்டைமலையும் மோன் பிளானும்

வருசநாட்டுப் பக்கம் உயரமான மலை எது என்று கேட்டால், பெரும்பாலும் மேகமலை என்பார்கள். சின்னமனூரிலிருந்து பஸ் போகிறது, தேயிலைத் தோட்டம் இருக்கிறது, மேகம் காலடியில் நிற்கிறது, வேறென்ன வேண்டும்? ஆனால் அந்த எஸ்டேட்டுகள் சுமார் 1,500 மீட்டரில்தான் இருக்கின்றன. இந்தத் தொடரின் உச்சி தெற்கே, கேரள எல்லையில் உள்ள கோட்டைமலை: 2,019 மீட்டர். பெரியாறு புலிகள் காப்பகத்திலும் அதுதான் உயரம். நடுக்காட்டில் இருப்பதால் பார்த்தவர்கள் குறைவு, பெயரும் ஒதுங்கிவிட்டது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். மலையே இல்லாத ஊரில் உட்கார்ந்து, மோன் பிளான் 4,807 மீட்டர் என்று மனப்பாடம் செய்தோம். கல்யாணமாகி மாமனார் ஊருக்கு வந்துதான் மலையை அருகில் பார்த்தேன். மூல வைகை பிறக்கும் பகுதிக்கு வெள்ளிமலை என்று பேர் சொன்னார்கள். மோன் பிளான் என்றாலும் வெண்மலைதானே! எனக்கு அதில் ஒரு சந்தோஷம். மற்றபடி இரண்டுக்கும் ஒப்பே இல்லை. கோட்டைமலை உச்சி கொடைக்கானல் ஊரைவிடவும் தாழ்ந்தது.

இந்தக் கணக்கையெல்லாம் மச்சினரிடம் சொன்னேன். இலவந்தோப்பு வைத்திருப்பவர்.

"உசரம் கெடக்கட்டும் மச்சான். மழை எந்தப் பக்கம் விழுகுதுங்கிறதுதான் பேச்சு" என்றார்.

உண்மைதான். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை மலைக்கு அந்தப் பக்கமே வாங்கிக்கொள்கிறது. அந்த நீர் பெரியாறாக அரபிக்கடலுக்குப் போகும். 1895இல் பென்னிகுயிக் அணை கட்டி, மலையைக் குடைந்து, அதில் ஒரு பங்கைக் கிழக்கே திருப்பினார். கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விளைந்தது. ஆனால் சுரங்கம் வெளியே வருவது குமுளிக்குக் கீழே. அந்தத் தண்ணீர் கம்பம் வழியாக இறங்கி, தேனிப் பக்கம் போய்த்தான் வைகையில் சேர்கிறது. அதற்கு மேலே இருக்கும் வருசநாட்டுக்கு ஒரு சொட்டும் கிடையாது. மூல வைகை மழையை நம்பிய ஆறு. ஐப்பசி, கார்த்திகையில் கரைபுரண்டாலும் கோடையில் மணல்தான்.

"பென்னிகுயிக்குக்குப் பொங்கல் வைக்கிறவுக கம்பத்துக்காரவுக" என்பார் மச்சினர், கொஞ்சம் பொறாமையோடு. அவரைக் குறை சொல்லமாட்டேன். பென்னிகுயிக்கையும்தான்.

2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. வைகையின் நீர்ப்பிடிப்புக் காடுகள் அதற்குள் அடங்குகின்றன. நல்ல காரியம் என்றேன்.

"காடு இருந்தாத்தேன் தண்ணி, அது எனக்கும் தெரியும் மச்சான். தலைமுறையா மலையில வெவசாயம் பாத்தவுக எங்க போவாக?"

நாற்பது வருஷம் கோப்பு எழுதிய எனக்கு அதற்குக் குறிப்பு எழுதத் தெரியவில்லை. ஐப்பசியில் ஆற்றில் தண்ணீர் வந்ததும் போன் செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.